அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் கறுப்பின இளைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்காம் என்பது என்ன? அதில் கறுப்பின இளைஞர்களின் சித்திரிப்பைத் தனியாகப் பேசுவது ஏன்?

ஒரே வீட்டையோ பணியிடத்தையோ சுற்றி, அரை மணி நேரத்துக்குள் ஒரு சிறு கதையைச் சொல்லி முடித்து, மறுவாரம் அதே மனிதர்களோடு திரும்ப வரும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரைச் சிட்காம் என்கிறோம். 1970களிலும் 80களிலும் வந்த பெரும்பாலானவை அரங்கில் பார்வையாளர்களை அமர வைத்து, அவர்கள் கண்முன்னே நடித்துப் பதிவு செய்யப்பட்டவை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செய்தி அறிக்கையில் கறுப்பின இளைஞன் பெரும்பாலும் கைவிலங்கோடு வருகிறான். விளையாட்டு ஒளிபரப்பில் பந்தோடு வருகிறான். சாப்பாட்டு மேசையில் தங்கையோடு சண்டை போடும் அண்ணனாக, மதிப்பெண் அட்டையை ஒளித்து வைக்கும் மகனாக, வாரா வாரம் பல ஆண்டுகளுக்கு அவனைக் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுவந்தது சிட்காம்தான். ஆகவே அது அவனை எப்படிக் காட்டியது என்பது சிறிய விஷயம் அன்று.

இத்தொடர்களை நெடுங்காலமாகப் பார்த்தும் அவற்றைப் பற்றிப் படித்தும் வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பாத்திரத்தை நல்ல பையன், கெட்ட பையன் என்று தரம் பிரிப்பதில் பெரிய பயன் இல்லை. அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், வேடிக்கையை விட்டுவிட்டு அவன் பேசத் தொடங்கும்போது கதை அவனுக்குச் செவிசாய்க்கிறதா என்று பார்ப்பதே உண்மையை விளக்கும். கீழே உள்ள பதில்கள் யாவும் இந்த அளவுகோலை வைத்தே எழுதப்பட்டவை.

தமிழில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

கறுப்பினத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்ற இரண்டும் பொருத்தமானவை. பழைய தமிழ் இதழ்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் ‘நீக்ரோ’ என்ற சொல் தாராளமாக வரும். அம்மக்கள் 1960களின் பிற்பகுதியிலிருந்தே விலக்கி வைத்த சொல் அது. பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும் இடம் தவிர வேறெங்கும் நாமும் அதை எழுதக் கூடாது.

இந்த வரலாறு எங்கே தொடங்குகிறது?

வானொலியில் தொடங்குகிறது. 1928இல் ஒலிபரப்பாகத் தொடங்கிய ‘ஏமோஸ் அண்ட் ஆன்டி’யில் கறுப்பினப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்கள் ஃப்ரீமன் காஸ்டன், சார்லஸ் கொரெல் என்ற இரண்டு வெள்ளையர்கள். 1951இல் அது சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களே நடித்தார்கள் என்றாலும், ஏமாற்றுக்காரன், ஏமாளி, சோம்பேறி என்ற அச்சுகள் அப்படியே இருந்தன. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிவந்த என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு கடுமையாக எதிர்த்தது. புதிய தயாரிப்பு 1953இல் நின்றது. மறு ஒளிபரப்போ 1966 வரை உள்ளூர் நிலையங்களில் ஓடிக்கொண்டே இருந்தது.

1968இல் என்.பி.சி.யில் வந்த ‘ஜூலியா’ இதற்கு நேர் எதிரானது. டயான் கேரல் நடித்த கதாநாயகி செவிலியர், படித்தவர், கண்ணியமானவர். ஆனால் கணவர் வியட்நாம் போரில் இறந்துவிட்டார், மகன் சிறுவன். அந்த வீட்டில் வளர்ந்த ஆண் ஒருவரும் இல்லை. அடுத்து வந்த தொடரில் இந்த வெற்றிடமே ஒரு நடிகையின் நிபந்தனையாக மாறியது.

‘குட் டைம்ஸ்’ தொடரின் ஜே.ஜே. குறித்து இன்றும் ஏன் இவ்வளவு விவாதம்?

சிகாகோவின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஏழைக் குடும்பத்தின் கதையாக ‘குட் டைம்ஸ்’ 1974 பிப்ரவரியில் சி.பி.எஸ்.ஸில் தொடங்கியது. அதை உருவாக்கியவர்கள் எரிக் மான்டி, மைக் இவான்ஸ் என்ற இரு கறுப்பின எழுத்தாளர்கள். தயாரித்தது நார்மன் லியரின் நிறுவனம். தாய் ஃப்ளோரிடாவாக நடிக்க அழைக்கப்பட்ட எஸ்தர் ரோல், பிள்ளைகளுக்குத் தந்தை இல்லாத வீடாக இருந்தால் நடிக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொன்னார். அதனால்தான் ஜான் ஏமோஸ் நடித்த ஜேம்ஸ் இவான்ஸ் என்ற தந்தை பிறந்தார். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பார், வேலை போகும், மறுபடி தேடுவார், கோபப்படுவார், பிள்ளைகளைக் கட்டி அணைப்பார். அமெரிக்கத் தொலைக்காட்சி அதுவரை கண்டிராத மனிதர் அவர்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஜே.ஜே., பதினேழு வயது, ஓவியன். நடித்தவர் மேடை நகைச்சுவைக் கலைஞர் ஜிம்மி வாக்கர். அப்போதே அவருக்கு இருபத்தாறு வயது, திரையில் தந்தையாக வந்த ஏமோஸைவிட எட்டு ஆண்டுகளே இளையவர். நடுவில் தெல்மா. கடைசிப் பையன் மைக்கேல், அரசியல் பேசுபவன். ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவர் என்று வகுப்பில் சொன்னதற்காகப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் ஆகிறான், வெள்ளையர் வாழ்க்கையை மட்டும் அளவாக வைத்து எழுதப்பட்ட அறிவுத்திறன் தேர்விலிருந்து பாதியில் எழுந்து வருகிறான். முதலிரண்டு பருவங்களில் இந்த மூவருக்கும் கதையில் இடம் இருந்தது.

பிறகு ஜே.ஜே. கண்களை அகல விரித்து ‘டைனமைட்!’ என்று நீட்டி முழங்கும் ஒற்றைச் சொல் நாடெங்கும் பரவியது. அவன் வாசலில் தோன்றினாலே அரங்கம் ஆர்ப்பரித்தது. எழுத்தாளர்கள் அந்த ஆரவாரத்துக்கு ஏற்றபடி எழுதத் தொடங்கினார்கள். 1975இல் கறுப்பின வாசகர்களுக்கான ‘எபனி’ இதழுக்கு அளித்த பேட்டியில் எஸ்தர் ரோல் மனம் வெதும்பிப் பேசினார்: பதினெட்டு வயதாகியும் அவனுக்கு வேலை இல்லை, எழுதப் படிக்கத் தெரியவில்லை, யோசிப்பதும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக அவனை முட்டாளாக்கி, பாத்திரத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஜான் ஏமோஸின் வாதம் இன்னும் கூர்மையானது. கோழித் தொப்பி போட்டுக்கொண்டு கூவும் ஒரு பிள்ளைக்குத் தரும் இடத்தை, உச்ச நீதிமன்ற நீதிபதியாக விரும்பும் இன்னொரு மகனுக்கும் அறுவை மருத்துவராக விரும்பும் மகளுக்கும் தரக் கூடாதா என்று அவர் கேட்டார். எழுத்தாளர்களோடு ஓயாமல் மோதிய அவர் மூன்றாம் பருவத்தோடு நீக்கப்பட்டார்.

1976 செப்டம்பரில் நான்காம் பருவம் தொடங்கியபோது, வேலைக்காக மிசிசிப்பி சென்றிருந்த ஜேம்ஸ் கார் விபத்தில் இறந்துவிட்டதாகத் தந்தி வருகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் ஃப்ளோரிடா ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. பிள்ளைகளுக்கே அது புரியவில்லை. எல்லோரும் போன பிறகு பாத்திரங்களை ஒழுங்குபடுத்தும்போது கையிலிருந்த கண்ணாடிக் கிண்ணத்தைத் தரையில் ஓங்கி அடித்து உடைத்து, மூன்று முறை ஒரே சொல்லைச் சொல்லி அலறுகிறார். அந்தக் காட்சியில் அழுவது கணவனை இழந்த பாத்திரம் மட்டும்தானா, தான் கேட்டு வாங்கிய தந்தையை இழந்த நடிகையுமா என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். அடுத்த ஆண்டு அவரும் விலகினார், ஜே.ஜே.யின் பாத்திரத்தைச் சீர்திருத்துவதாக வாக்களித்த பின்பே கடைசிப் பருவத்துக்குத் திரும்பினார். 1979இல் தொடர் முடிந்தது.

ஜே.ஜே. பாத்திரத்தில் நல்லது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. அவன் ஓவியன் என்பதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது கதையிலேயே அவன் கறுப்பின இயேசுவை வரைந்து வீட்டில் ஒரு விவாதத்தைக் கிளப்புகிறான். திரையில் அவன் வரைந்ததாகக் காட்டப்பட்ட பல படங்கள் உண்மையில் எர்னி பார்ன்ஸ் வரைந்தவை. தொழில்முறைக் கால்பந்து வீரராக இருந்து ஓவியரானவர் அவர். நீண்ட கை கால்களோடு கண்மூடி ஆடும் மனிதர்கள் நிறைந்த அவருடைய ‘சுகர் ஷாக்’ ஓவியம் தொடரின் எழுத்தோட்டத்தில் காட்டப்பட்டது. அதன் ஒரு வடிவம் 2022இல் ஏலத்தில் 1.53 கோடி டாலருக்குப் போனது. அத்தனை அழகைப் படைக்கும் கையை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, முட்டாளாகவும் அவனைக் காட்டியதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

தவறு ஜிம்மி வாக்கருடையதா?

அப்படிச் சொல்வது நியாயமாகாது. தான் நகைச்சுவைக் கலைஞன், யாருக்கும் முன்மாதிரியாக இருக்க வரவில்லை என்பது அவர் நிலை. தம் மேடை நிகழ்ச்சிகளுக்கு எழுத பின்னாளில் தொலைக்காட்சித் தொகுப்பாளர்களான டேவிட் லெட்டர்மேன், ஜே லெனோ போன்ற இளைஞர்களை அவர்கள் புகழ்பெறும் முன்பே அமர்த்தியவர் அவர், தொழில் தெரிந்தவர்.

குறை அமைப்பில் இருந்தது. அரங்கில் கைதட்டல் உடனே காதில் விழுகிறது. மைக்கேல் பேசும் ஒரு வசனம் எங்கோ ஒரு வீட்டில் ஒரு சிறுவனை நிமிர்ந்து உட்கார வைத்திருக்கலாம். அந்த ஓசை எந்த ஒலிவாங்கியிலும் பதிவாவதில்லை. பதிவானதை நம்பி எழுதினால், சத்தமாகச் சிரிக்க வைப்பவனே நாயகன் ஆகிறான். எழுதும் அறையில் அந்தக் குடியிருப்புகளை அறிந்தவர்கள் போதுமான அளவு இருந்திருந்தால் யாராவது தடுத்திருக்கலாம். இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

வெள்ளையர் வீட்டில் வளரும் கறுப்பினச் சிறுவர்களின் கதைகள்?

‘டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ்’ (1978–86), ‘வெப்ஸ்டர்’ (1983–89) ஆகிய இரண்டையும் குறிப்பிடலாம். முதல் தொடரில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லமைச் சேர்ந்த ஆர்னல்ட், வில்லிஸ் என்ற சகோதரர்களை நியூயார்க் கோடீஸ்வரர் ஒருவர் வளர்க்கிறார். அவர் நல்லவர். ஆயினும் அந்தப் பையன்களின் சொந்தத் தெரு, சொந்தச் சனம், இறந்துபோன தாய் எல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிட்டன.

தியோ ஹக்ஸ்டபிள் எதை மாற்றினான்?

என்.பி.சி.யில் 1984 முதல் 1992 வரை வந்த ‘தி காஸ்பி ஷோ’ தொடர்ச்சியாக ஐந்து பருவங்கள் நாட்டின் முதலிடத்தில் இருந்தது. தந்தை மருத்துவர், தாய் வழக்கறிஞர், வீடு புரூக்ளினில். ஐந்து பிள்ளைகளில் ஒரே மகன் தியோ. நடித்தவர் மால்கம்-ஜமால் வார்னர்.

முதல் கதையிலேயே அந்தப் பாத்திரத்தின் அடித்தளம் போடப்பட்டுவிடுகிறது. மோசமான மதிப்பெண் வாங்கிய தியோ, தான் கல்லூரிக்குப் போகாமல் சாதாரண மனிதனாகவே வாழப்போவதாகச் சொல்கிறான். தந்தை கட்டிலில் உட்கார்ந்து, மோனோபொலி விளையாட்டுப் பணத்தை அவன் கையில் சம்பளமாக எண்ணிக் கொடுக்கிறார். பிறகு வரி என்று கொஞ்சம், வாடகை என்று கொஞ்சம் பிடுங்கிக்கொண்டே வருகிறார். காதலி உண்டா என்று கேட்டு மிச்சத்தையும் எடுத்துக்கொள்கிறார். கதையின் முடிவில் தியோ உருக்கமாகப் பேசுகிறான்: நீங்கள் மருத்துவராக இல்லாவிட்டாலும் நான் உங்களை நேசிப்பேனே, அதுபோல என்னையும் நான் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளக் கூடாதா? அரங்கம் கைதட்டுகிறது. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்த தந்தை, தன் வாழ்நாளில் இதைவிட முட்டாள்தனமான பேச்சைக் கேட்டதில்லை என்கிறார்.

இந்தத் தந்தை, மகனின் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டலைக் கடந்து அவன் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். ‘குட் டைம்ஸ்’ கைதட்டலுக்குப் பணிந்தது. இங்கே கதையே கைதட்டலை மறுக்கிறது. பின்னர் 1989இல் தியோவுக்கு டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடு இருப்பது தெரியவருகிறது. அவன் மந்தமானவனும் அல்லன், சோம்பேறியும் அல்லன், எழுத்துகள் அவனுக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கின்றன என்பதை அந்த வீடும் பார்வையாளரும் ஒருசேர அறிகிறார்கள். 1992 ஏப்ரல் 30 அன்று வந்த கடைசிக் கதையில் அவன் நியூயார்க் பல்கலைக்கழகப் பட்டம் பெறுகிறான். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய காவலர்கள் விடுவிக்கப்பட்டதால் லாஸ் ஏஞ்சலஸ் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த நாள் அது.

அப்படியானால் அந்தத் தொடர் மீது ஏன் விமர்சனம்?

சட் ஜாலி, ஜஸ்டின் லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் பார்வையாளர் குழுக்களோடு உரையாடி 1992இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஹக்ஸ்டபிள் குடும்பத்தை மனமார நேசித்த வெள்ளையினப் பார்வையாளர்களில் பலர், அக்குடும்பம் முன்னேற முடிந்ததென்றால் இனப்பாகுபாடு ஒழிந்துவிட்டது, முன்னேறாதவர்கள் தம் குறையால்தான் முன்னேறவில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். ஒரு நல்ல சித்திரத்தைக் காட்டி மற்றவர்களைக் குற்றம் சாட்டும் நிலை அது. அந்தக் குற்றச்சாட்டைச் சுமந்தவர்களில் தியோவின் வயதுக்காரர்களே அதிகம்.

பில் காஸ்பி மீதான வழக்குகளுக்குப் பிறகு அதைப் பார்க்கலாமா?

அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர் மீது பாலியல் குற்றச்சாட்டுகளை வைத்தார்கள். 2018இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றார். வழக்கு நடைமுறையைக் காரணம் காட்டி 2021இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அந்தப் பெண்களின் சொல்லை ஒதுக்கிவிட்டுத் தொடரைக் கொண்டாட என்னால் இயலாது. தியோவை உருவாக்கியதில் எழுத்தாளர்களுக்கும் வார்னருக்கும் இருந்த பங்கையும் மறக்க இயலாது. வார்னர் 2025 ஜூலையில் கோஸ்டாரிகா கடலில் மூழ்கி இறந்தபோது, கூடவே வளர்ந்த அண்ணனைப் பறிகொடுத்ததுபோல ஒரு தலைமுறையே கலங்கியது.

‘ஃப்ரெஷ் பிரின்ஸ்’ தொடரில் வில், கார்ல்டன் இருவரில் யார் ‘உண்மையான’ கறுப்பின இளைஞன்?

இந்தக் கேள்வியையே அத்தொடர் எடுத்துப் பேசியது என்பதுதான் அதன் பெருமை. 1990 முதல் 1996 வரை என்.பி.சி.யில் வந்த அந்தக் கதையில், மேற்கு பிலடெல்ஃபியாவில் வளர்ந்த வில் (வில் ஸ்மித்) லாஸ் ஏஞ்சலஸின் செல்வந்தர் பகுதியான பெல்-ஏரில் மாளிகையில் வாழும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே மடிப்புக் கலையாத சட்டையோடு பெரியம்மாவின் மகன் கார்ல்டன் (அல்ஃபோன்சோ ரிபெய்ரோ) இருக்கிறான். வெகுளியான அவன் நடனம் இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது.

முதல் பருவத்தில், கார்ல்டனின் தந்தையுடைய சக வழக்கறிஞரின் காரை இருவரும் ஓட்டிச் செல்கையில் காவலர்கள் பிடித்துச் சிறையில் அடைக்கிறார்கள். வெளியே வந்தும், காவலர்கள் தம் கடமையைத்தான் செய்தார்கள் என்றே கார்ல்டன் வாதிடுகிறான். வில்லோ தன் தெருவில் கற்ற பாடத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறான். நீங்கள் காவலராக இருந்தால் அந்தக் காரை நிறுத்தியிருக்க மாட்டீர்களா என்று கார்ல்டன் தந்தையிடம் கேட்கிறான். தன்னை முதன்முதலாக வழிமறித்தபோது தானும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டதாக மட்டும் சொல்லிவிட்டு அவர் மாடிப்படி ஏறுகிறார். அவன் இருட்டில் தனியே உட்கார்ந்திருக்கிறான். இது ஒளிபரப்பானது 1990 அக்டோபரில். ராட்னி கிங் தாக்கப்பட்டது 1991 மார்ச்சில்.

1993இல் வந்த இன்னொரு கதையில், மாணவர் சங்கமொன்றின் கறுப்பினத் தலைவனே கார்ல்டனை இனத்துக்கு ஒவ்வாதவன் என்று ஒதுக்குகிறான். கறுப்பினத்தவனாக இருக்க நான் முயலவில்லை, நான் அதுதான். நீ தாண்டும் தடைகளைத்தான் நானும் தாண்டுகிறேன், என் காலை ஏன் இடறிவிடுகிறாய் என்கிற பொருளில் கார்ல்டன் கேட்கிறான். மூன்றாண்டுகளாகச் சிரிப்புக்கு இலக்கான பையனுக்கு அந்த ஒரு நிமிடம் கொடுக்கப்பட்டதால், முன்பு சிரித்ததெல்லாம் வேறு பொருள் கொள்கிறது.

1994இல், பதினான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த வில்லின் தந்தை அவனை அழைத்துச் செல்வதாகச் சொல்லிவிட்டு மறுபடியும் நழுவிவிடுகிறார். தனக்கு அவர் தேவையே இல்லை என்று வீராப்பாக அடுக்கிக்கொண்டே போகும் வில், திடீரென்று உடைந்து, அவருக்கு ஏன் நான் வேண்டாதவன் ஆனேன் என்று பெரியப்பாவைக் கேட்கிறான். ஜேம்ஸ் ஏவரி நடித்த அந்தப் பெரியப்பா பதில் சொல்வதில்லை, இறுக அணைத்துக்கொள்கிறார். தந்தைக்குத் தர வில் வாங்கி வைத்திருந்த, ஒரு தகப்பனும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் சிலையின் மீது கேமரா போய் நிற்கிறது.

எர்கலும் ஜே.ஜே. போன்ற பாத்திரம்தானா?

ஒரு வகையில் ஆம். ‘ஃபேமிலி மேட்டர்ஸ்’ (1989–98) சிகாகோ காவலர் ஒருவரின் குடும்பக் கதை. ஒரே ஒரு கதைக்காக வந்த பக்கத்து வீட்டுப் பையன் எர்கலுக்கு அரங்கில் எழுந்த வரவேற்பு அவனை நாயகனாக்கியது. வீட்டின் கடைசி மகள் விளக்கம் ஏதுமின்றிக் கதையிலிருந்தே மறைந்துபோனாள். வேறுபாடு என்னவென்றால் எர்கல் அறிவியல் மேதை. படிப்பில் வெறியான கறுப்பினப் பையனைக் கண்டு நாடு சிரித்தாலும், அவன் அறிவைக் கண்டு சிரிக்கவில்லை. காவலரின் மகன் எடியைச் சக காவலர்களே காரணமின்றி வழிமறித்துத் துன்புறுத்தும் 1994ஆம் ஆண்டுக் கதையையும் பாருங்கள். மகனை முதலில் நம்ப மறுத்த தந்தை, பின்பு அந்தக் காவலர்களை நேருக்கு நேர் கேட்கிறார்.

இத்தகைய தொடர்கள் இடையில் ஏன் குறைந்தன?

புதிய அலைவரிசைகள் தொடக்கத்தில் கறுப்பினப் பார்வையாளரை நம்பி வளர்ந்தன, காலூன்றியதும் கைவிட்டன. ஃபாக்ஸ் 1990களின் முற்பகுதியில் அப்படிச் செய்தது. 1995இல் தொடங்கிய யு.பி.என்., டபிள்யூ.பி. இரண்டும் 2006இல் ஒன்றாக இணைந்தபோது கறுப்பினத் தொடர்கள் பல ஒரேயடியாக நிறுத்தப்பட்டன. நடுவே 1999 இலையுதிர்காலத்தில் நான்கு பெரிய அலைவரிசைகள் அறிவித்த 26 புதிய தொடர்களில் ஒன்றில்கூடச் சிறுபான்மையினர் முதன்மைப் பாத்திரத்தில் இல்லை. என்.ஏ.ஏ.சி.பி. மீண்டும் களமிறங்க வேண்டியிருந்தது.

பின்னர் வந்தவற்றில் எவை குறிப்பிடத்தக்கவை?

நகைச்சுவைக் கலைஞர் கிரிஸ் ராக்கின் இளமையைத் தழுவிய ‘எவ்ரிபடி ஹேட்ஸ் கிரிஸ்’ (2005–09) எனக்கு மிக நெருக்கமானது. 1980களின் புரூக்ளினில், வெள்ளையர் பள்ளியில் ஒற்றைக் கறுப்பின மாணவனாக அடி வாங்கும் பையன் அவன். அரங்கச் சிரிப்பொலி இல்லை. வளர்ந்த கிரிஸ் ராக்கே பின்னணியில் கதை சொல்கிறார். சிந்திய பாலுக்கும் எரியும் விளக்குக்கும் எத்தனை சென்ட் என்று கணக்குச் சொல்லும் தந்தை ஜூலியஸ், இரண்டு வேலை பார்த்துக் களைத்து உறங்குகிறார். ஜேம்ஸ் இவான்ஸுக்கு மறுக்கப்பட்ட ஆயுள் அவருக்குக் கிடைத்ததாகவே எனக்குப் படுகிறது.

‘பிளாக்-இஷ்’ (2014–22) தொடரில் 2016இல் வந்த ஒரு கதை முழுவதும் வரவேற்பறையிலேயே நடக்கிறது. காவலர் வன்முறை வழக்கின் முடிவுக்காகத் தொலைக்காட்சி முன் காத்திருக்கும் குடும்பத்தில், போராட்டத்துக்குப் போகத் துடிக்கும் பதின்வயது மகனை வைத்துக்கொண்டு, பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்று தாயும் தந்தையும் வாதிடுகிறார்கள்.

கிரிஸாக நடித்த சிறுவன் டைலர் ஜேம்ஸ் வில்லியம்ஸ், 2021இல் தொடங்கிய ‘அபட் எலிமெண்டரி’யில் பிலடெல்ஃபியா அரசுப் பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியர் கிரெகரியாக வருகிறார். அவர் கூவுவதில்லை, ஆடுவதில்லை. சக ஆசிரியர் ஏதாவது உளறினால் கேமராவை ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான். அதற்கே சிரிப்பு வருகிறது. பள்ளித் தோட்டத்தில் செடிகளோடு இருக்கும்போது மட்டும் அவர் முகம் இளகுகிறது.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

‘குட் டைம்ஸ்’ நான்காம் பருவத்தின் முதலிரண்டு கதைகளிலிருந்து தொடங்குங்கள். அடுத்து ‘காஸ்பி ஷோ’வின் முதல் கதை, பிறகு ‘ஃப்ரெஷ் பிரின்ஸ்’ தொடரில் வில்லின் தந்தை வந்து போகும் கதை. மூன்றையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.